சூடம் மணத்த பேனா

போன வெள்ளிக்கிழமை மளிகைக் கடையில் பூஜைச் சாமான் வாங்க நின்றேன். திரி, நல்லெண்ணெய், ஊதுவத்தி என்று நான் சொல்லச் சொல்ல எடுத்து வைத்த கடைக்காரர், கேட்காமலே ஒரு சூடம் பாக்கெட்டையும் பையில் போட்டார். நான் அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இன்னாமா, சூடம் வேணாமா?"

"வேணாம்ப்பா."

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா சூடம் இல்லாம பூஜையா? ஊட்ல இருக்குதா?"

இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். பாக்கெட்டின் ஓரம் கிழிந்திருந்தது போலிருக்கிறது, வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடி முகர்ந்து பார்த்தேன். மறுபடி கழுவினேன்.

தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவளுக்குச் சூடத்தின்மேல் என்ன கோபம் என்று நீங்கள் கேட்பீர்கள். கோபம் இல்லை, பயம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். ஆனால் எனக்குச் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும். பத்தாவதோடு நின்றவள். கட்டுரை எழுதச் சொன்னால் பசுமாட்டில் ஆரம்பித்து மாமா வீட்டுக் கல்யாணத்தில் முடிப்பாய் என்று டீச்சர் திட்டியிருக்கிறார். இதுவும் அப்படித்தான் போகும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசனை என்றதும் எனக்கு முதலில் ஆம்பூர் வாசனைதான் ஞாபகம் வருகிறது. நான் கலவை என்கிற ஊர்ப் பக்கத்துப் பெண். நெல் வேகும் வாசனையும் மாட்டுக்கொட்டகை வாசனையும்தான் தெரியும். கல்யாணமாகி பஸ்ஸில் வந்தபோது, ஊர் நெருங்க நெருங்க முன் சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக ஜன்னல் ஷட்டரை இறக்கி மூடினார்கள். வானத்தைப் பார்த்தேன், நல்ல வெயில். பக்கத்தில் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்த புது மாப்பிள்ளையிடம், "மழ வரப்போவுதுங்களா?" என்று கேட்டேன். நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"மழ இல்ல, நம்ம ஊரு" என்றார் அவர்.

எங்கள் வீடு தோல் பதனிடும் ஒரு டேனரியின் பின்சுவரைப் பார்த்த தெருவில் இருந்தது. தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு ஊறவைக்கும் தொட்டிகள் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். அதிலிருந்து வரும் காற்று அழுகிய முட்டை மாதிரி நாறும். நாற்றம்கூடப் பழகிவிடும். பழகாதது என்னவென்றால், அந்தக் காற்று பட்டால் வெள்ளி கறுத்துவிடும். அம்மா சீதனமாகக் கொடுத்த வெள்ளிக் குங்குமச் சிமிழ், நான் வாழ வந்த கொஞ்ச நாளிலேயே கரி பூசினதுபோல் ஆகிவிட்டது. புதுப்பெண்ணின் குங்குமச் சிமிழ் கறுத்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? பூஜை அலமாரிமுன் உட்கார்ந்து அழுதேன்.

அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதுக்கா அழுவுற? ஊர்ல எல்லார் ஊட்டு வெள்ளியும் கறுப்புதாமே. நம்ம காத்து அப்படி." சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு சிட்டிகைத் திருநீறு எடுத்து, பழைய பனியன் துணியில் தொட்டுத் தேய்த்தார். சிமிழ் பளபளவென்று வந்தது. "சாமி திருநீறு. இதுக்குமேல இன்னா பாலீஷ் வேணும்?"

அவர் ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில் இருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் படம் அனுப்பினால் அதைப் பார்த்து முதல் ஜோடியைச் செய்து காட்டும் இடம். பிறகு அதற்கே பொறுப்பாளரானார், முதலாளியோடு இரண்டொரு முறை இத்தாலிக்கும் போய்வந்தார். குரல் மட்டும் எப்போதும் தையல் மெஷின்களுக்குமேல் கேட்கும் குரல். நானும் அதே கம்பெனியில் மகள் சுமதி பிறக்கும்வரை ஷூ மேல்பாகம் தைத்தேன். அவர் சாம்பிள் ரூமில் தும்மினால் எங்கள் லைனில் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். வெள்ளிக்கிழமை வீட்டில் சாமிப் பாட்டு பாடினால் தெருக்கோடிவரை போகும். சுதி சேராது. ஆனால் போகும்.

பேனா வந்தது அந்தக் கம்பெனி வழியாகத்தான். தோலுக்கு நிறம் ஏற்றும் வேலையைச் சொல்லிக்கொடுக்க ஒரு இத்தாலிக்காரர் வந்திருந்தார். பிரியாணியோடு கத்தரிக்காயையும் விடாமல் சாப்பிட்ட மனுஷன். ஊருக்குத் திரும்பும் அன்று சட்டைப்பையிலிருந்து தன் பேனாவையே எடுத்து இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மையை எடுத்துக் கழுவித் துடைத்துக் கொடுத்தாராம்.

மஞ்சள் பேனா. தேன் நிறத்தில், உள்ளே புகை ஓடினதுபோல் கறுப்புக் கோடுகள். வெயிலில் காட்டினால் உள்ளே இன்னும் கொஞ்ச தூரம் பார்வை போகும். நான் பிளாஸ்டிக் என்றேன்.

"பிளாஸ்டிக் இல்லமே. பருத்திலேர்ந்து செய்றதாம். இப்பெல்லாம் யாரும் ஜாஸ்தி செய்றதில்ல. கொஞ்சமா செஞ்சி, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு உட்டுட்டாங்க. அதோட செரி. இந்த நம்பர்ல உலகத்துல இது ஒண்ணுதான்."

"ரேஷன் கார்டு மாரியா?"

அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, கடையில் நின்று டீகூடக் குடிக்காத மனுஷன். போனஸ் வந்தால், வெளிநாட்டுக்காரர்கள் ஏதாவது அன்பளிப்பு கொடுத்தால், எல்லாம் நம்பர் போட்ட பேனாவாகத்தான் வீட்டுக்கு வரும். பெங்களூரில் இதே பைத்தியம் பிடித்த ஒரு சிநேகிதர், போனிலேயே பழக்கம், தேடிப் பிடித்துக் கொடுப்பார். வெள்ளியில் கொடி சுற்றிய பேனா ஒன்று. கறுப்பு அரக்கின்மேல் தங்கப் பொடியால் மீன் வரைந்த ஜப்பான் பேனா ஒன்று. எல்லாம் சேர்த்தால் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். விலையை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டு நிம்மதிக்கு அது ஒரு காரணம்.

ஒன்றிலும் அவர் எழுதமாட்டார். மை பட்டால் பழசாகிவிடுமாம். கம்பெனியில் கையெழுத்துப் போடுவது, பசை விற்கிறவன் ஓசியில் கொடுத்த பால்பாயிண்ட் பேனாவில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையைக் கழுவி, வெள்ளைத் துண்டை விரித்து, பேனாக்களை வரிசையாக வைப்பார். அந்த நேரம் நான் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ப் புகை ஆகாது. மஞ்சள் பேனாவை எடுத்து, மூடியைத் திறக்காமலே காற்றில் எழுதுவார்.

"இன்னா எழுதினீங்க?"

"உம் பேர்தான்."

"தப்பில்லாம எழுதினீங்களா?"

"அழிச்சிட்டு எழுதுறேன் இரு" என்று காற்றைக் கையால் துடைப்பார்.

எங்களுக்குள் பெரிய சண்டை என்றால் ஆயுத பூஜையன்றுதான். கத்தி, கத்தரி, தையல் மெஷின், சுமதியின் புத்தகம், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். பேனாவுக்கு வைக்காமல் விடலாமா? சரஸ்வதி பூஜையும் அதுதானே. ஒரு தடவை நான் மஞ்சள் பேனாவின் கழுத்தில் பொட்டு வைக்கப் போனபோது அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்துவிட்டார்.

"அதுமேல குங்குமம் பட்டா கறை உழுந்துரும்மே. போச்சின்னா எங்க போய் வாங்குவ?"

"சாமி முன்னால பொட்டு வைக்காத பொருள ஊட்ல இன்னாத்துக்கு வச்சிருக்கிறீங்க?"

கடைசியில் பொட்டு பெட்டிக்கு என்று முடிவானது. வருஷா வருஷம் பெட்டி மூடிக்கு மூன்று பொட்டு வைப்பேன். உள்ளே இருப்பதற்குக் கிடையாது. எனக்கு அது மனசு ஆறவே இல்லை.

பெட்டி என்றேனே, அதைச் சொல்லவேண்டும். முதலில் பெட்டி கிடையாது. அவர் தோல்காரர் இல்லையா, நல்ல மெத்தென்ற தோல் துண்டில் தானே பை தைத்து ஒவ்வொரு பேனாவையும் வைத்திருந்தார். ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால், வெள்ளிக்கொடிப் பேனா என் குங்குமச் சிமிழ் மாதிரியே கறுத்திருந்தது. அவர் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்கவேண்டும். திருநீறு போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்தார். மறுபடி கறுத்தது. தேய்க்கத் தேய்க்கக் கொடியின் இலை நரம்பெல்லாம் தேயும் என்று பயம் வந்துவிட்டது.

அப்போதுதான் காற்றே புகாத பெட்டி தேடினார். நான்கு பக்கமும் பூட்டிக்கொள்ளும் மூடி போட்ட கனத்த டப்பா. ஷூ பெட்டிக்குள் ஈரம் வராமல் இருக்கச் சின்னச் சின்ன பொட்டலம் போடுவார்களே, சிலிக்கா ஜெல், அதைக் கம்பெனியில் கேட்டு வாங்கிவந்து உள்ளே அடுக்கினார். எல்லாப் பேனாவையும் ஒன்றாக வைத்து மூடி, மூடியைச் சுற்றிப் பார்சல் டேப்பும் ஒட்டினார். பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். "இனிமே எந்தக் காத்தும் உள்ள பூவாது" என்றார். ஜெயித்த மாதிரி இருந்தார். உண்மையிலேயே அதற்குப் பிறகு ரொம்ப நாளுக்கு வெள்ளி கறுக்கவில்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு ஆயுத பூஜை. மழைக்காகச் சில மாதம் திறக்காமலே இருந்த பெட்டியின் டேப்பைப் பிரித்து மூடியைத் திறந்தோம். சூடம் வாசனை.

நான் இன்னும் சூடமே ஏற்றவில்லை. தட்டில்கூட எடுத்து வைக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள்ளிருந்து, கோயில் கர்ப்பக்கிரகத்தின் முன் நின்றால் வருமே, அப்படி ஒரு வாசனை குப்பென்று வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வருஷா வருஷம் மூடிமேல் வைத்த பொட்டு வீண்போகவில்லை, சரஸ்வதியே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசிக்கிறவர், சுலபத்தில் நம்பமாட்டார். அவரும் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு கைகூப்பினார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை துண்டு விரிப்பது நின்றுபோனது. "சும்மா சும்மா தொறந்தா வாசன போய்டும்" என்றார். நானும் ஆமாம் என்றேன். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, உடனே மூடுவோம். எதிர்வீட்டு அக்கா பேத்திக்கு ஜுரம் என்றால் வந்து பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுப் போவார். என் வீட்டுக்காரரோடு வேலைபார்த்த அன்வர் பாய், அவருடைய தோஸ்த், ஒருமுறை முகர்ந்துவிட்டு, "இன்னாப்பா, பூச்சி உருண்ட போட்டு வச்சிருக்கிறியா?" என்றார்.

"பாய், அது சாமி வாசன."

"அப்படியா தங்கச்சி? அதான் எனக்கு கம்மியா வருது" என்றார் பாய். எல்லோரும் சிரித்தோம்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கை ஓடுவதில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

அவருக்குத் தொண்டை கட்டியது. சளி என்றுதான் நினைத்தோம், கஷாயம் கொடுத்தேன். பாட்டு நின்றது. பிறகு, கம்பெனியில் அவர் கூப்பிட்டால் பக்கத்து மேஜைக்கே கேட்கவில்லை என்று அன்வர் பாய் சொன்னார். வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதைத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், உயிர் வேண்டுமானால் வேறு வழி இல்லை என்றார்கள். டாக்டர் நல்ல மனுஷன், உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். நான் கேட்டேன், "டாக்டர், எதுவும் பழக்கம் இல்லாத மனுஷனுக்கு எப்படிங்க?" அதையே சாமியிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில், மிச்சமிருந்த குரலில் அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். காற்றும் கீச்சுமாகத்தான் வந்தது.

"இன்னாமே, நாளைலேர்ந்து உனக்கு நிம்மதி. நான் சத்தம் போட முடியாது."

நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

"அழாத. சொல்றத கேளு. பேச்சு போனா எழுதித்தான் காட்டணும். அந்த மஞ்ச பேனாவ எடுத்துட்டு வந்து குடு. நல்ல மை ஒரு பாட்டில் வாங்கிக்க."

"மை போட்டா பழசாய்டும்னு சொல்வீங்களே."

"இத்தினி நாளு எதுக்கு எடுத்து வச்சிருந்தேன்னு எனக்கே தெரியாம இருந்துச்சி. இப்பத் தெரியுது. இனிமே அதாமே எம் பேச்சு."

அவர் குரலில் நான் கேட்ட கடைசி நீளமான பேச்சு அதுதான். அதற்குப் பிறகு ஸ்ட்ரெச்சரில் போகும்போது, "சாப்பிட்டியா" என்று கேட்டார்.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் ஓட்டையோடு அவர் கண் விழித்தார். என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. உடனே வலது கையின் மூன்று விரலைச் சேர்த்துக் காற்றில் எழுதிக் காட்டினார். பேனா. நர்ஸ் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் அட்டையும் கொண்டுவந்து நீட்டினார். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். வாங்கவே இல்லை. சுமதியை அப்பாவோடு உட்காரவைத்துவிட்டு, "இதோ போய் கொண்டாந்துர்றேன்" என்று நான் ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். வழியில் மை வாங்கினேன். அந்தக் கஷ்டத்திலும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது, சொல்லாமல் என்ன. சாமி வாசனை அடிக்கிற பேனாவால் பேசப்போகிறார், அவளே அவர் வாயாக இருப்பாள் என்று.

வீட்டில் விளக்கேற்றி, பெட்டியை எடுத்து டேப்பைப் பிரித்தேன். வாசனை வந்தது. ஆனால் அது மூக்கில் குத்தியது, கண்ணில் தண்ணீர் வந்தது. சூடத்துக்கு அடியில் வேறு ஏதோ புளித்த நெடி. மஞ்சள் பேனாவைத் தூக்கினேன். பாதிதான் கையோடு வந்தது. மீதி, காய்ந்துபோன கற்கண்டு மாதிரி டப்பாவிலேயே உதிர்ந்தது. உடம்பெல்லாம் கட்டம் கட்டமாக வெடித்திருந்தது. அதில் இருந்த பித்தளை வளையம் பச்சை பிடித்திருந்தது. பக்கத்தில் வெள்ளிப் பேனாவும் கறுத்திருந்தது, காற்றே படாமல்.

அவருடைய செல்போன் என்னிடம்தான் இருந்தது. அதிலிருந்து பெங்களூர் சிநேகிதரைக் கூப்பிட்டு அழுதபடியே சொன்னேன்.

"அம்மா, அந்தப் பேனாவுல வாசனை எத்தனை நாளா வருது?" என்று அவர் கேட்டார்.

"வருஷக்கணக்கா வருதுங்க. சூடம் வாசன. நாங்க சாமின்னு..."

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தப் பொருளே பருத்தியும் கற்பூரமும் சேர்த்துச் செய்றதுதான். கற்பூரம்தான் அதைப் பிடிச்சு வைக்குது. வாசனை வருதுன்னா அது அழிய ஆரம்பிச்சாச்சு. மூடி வைக்கக் கூடாதும்மா, அதுலேர்ந்து வர்ற ஆவியே அதையும் பக்கத்துல இருக்கறதையும் அரிச்சிடும். அது காத்தாட இருக்கணும்."

"காத்து பட்டா வெள்ளி கறுக்குதுங்களே."

"வெள்ளியைத் தனியா வச்சிருக்கணும்மா."

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில்தான் வைத்தோம். ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் பிரித்துப் படுக்கவைப்பார்களா என்ன?

போனை வைத்துவிட்டுச் சாமி படத்தின் முன் உட்கார்ந்தேன். என்ன வேண்டினேன் என்று உங்களிடம் மறைக்கவில்லை. தாயே, உன் வாசனை என்று நம்பித்தானே மூடி வைத்தேன், அது சாவு வாசனை என்று ஒரு வார்த்தை கனவிலாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். என் பேச்சை எடுத்துக்கொண்டு அந்தப் பேனாவை ஒட்டவைத்துக் கொடு என்று கேட்டேன். தரையில் தலையை முட்டிக்கொண்டு கேட்டேன். அங்கே வேலூரில் ஒரு மனுஷன், பேச ஒன்றுமில்லாமல், கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன எடுத்துக்கொண்டு போவேன்?

அன்வர் பாய் தகவல் கேட்டு வேலையை விட்டு ஓடிவந்தார். துண்டுகளைப் பார்த்தார். "ஒட்டிடலாம் தங்கச்சி. ஒட்டுறதுதான நம்ம பொழப்பு" என்று கம்பெனிக்குப் போய், ஷூ அடிபாகம் ஒட்டுகிற சொல்யூஷன் ஒரு டப்பாவில் வாங்கிவந்தார். மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு, துண்டுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேர்ந்தது. பேனா மாதிரியே ஆனது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அது பாயின் விரலிலேயே குழைய ஆரம்பித்தது. வெல்லப்பாகு மாதிரி இழுபட்டு, கோடெல்லாம் கலந்து, மஞ்சளும் கறுப்பும் ஒன்றாகி, கடைசியில் ஒரு உருண்டை.

"யா அல்லா" என்று பாய் உட்கார்ந்துவிட்டார். "சொல்யூஷன்ல தின்னர் இருக்குதே. அது இதயும் கரைக்குமே. எனக்குத் தோணலியே."

யாரை யார் சமாதானம் செய்வது? அந்த உருண்டையின் நுனியில் தங்க நிப்பு மட்டும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கறைகூட இல்லை. பாய் அதைப் பக்குவமாக உருவி எடுத்தார். தோலில் வெட்டுக்கோடு போட வைத்திருக்கும் பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, உள்ளே இருந்த ரீஃபில் குச்சியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் கூடான அந்தக் கட்டையில் நிப்பைச் செருகி, மெழுகு போட்ட ஷூ நூலால் இறுக்கிச் சுற்றினார். "மையில தொட்டுத் தொட்டு எழுதலாம். இதுக்குமேல என்னால ஆவாது தங்கச்சி."

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். என்ன தோன்றியதோ, வேலூர் வருமுன் என் நெற்றியைத் தொட்டு, அந்த நூல் சுற்றிய இடத்தில் விரலைப் பதித்தேன். சிவப்பாக ஒட்டிக்கொண்டது.

அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் நீட்டியதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஷூக் கம்பெனி கட்டை. கறுப்பு நூல். தங்க நிப்பு. என் கையை இழுத்து முகர்ந்தார். சூடமும் சொல்யூஷனும் கலந்து அடித்திருக்கும். தோல்காரருக்கு, எது எதோடு சேர்ந்து என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கழுத்து ஓட்டையில் காற்று மட்டும் வந்துபோனது. அழுதால்கூடச் சத்தம் வராது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு மை பாட்டிலைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நிப்பைத் தொட்டெடுத்து, அட்டையின் மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டார். வழிந்து ஒரு பொட்டாக நின்றது. இன்னொரு முறை தொட்டார். எழுதினார். என் பக்கம் திருப்பினார்.

"பொட்டு வச்சியா?"

நூல் சுற்றிய இடத்தைக் காட்டினேன். அவர் விரலில் குங்குமம் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

வீடு திரும்பிய பிறகு சில மாதம் இருந்தார். ஷூ பெட்டி மூடிகளில் எழுதுவார். "தண்ணி." "ஃபேன் கம்மி பண்ணு." "உப்பு ஜாஸ்தி." "பாயைச் சாப்பிடச் சொல்." வெள்ளிக்கிழமை நான் பூஜை செய்யும்போது, பாட்டின் முதல் வரியை எழுதி என் பக்கம் நீட்டுவார், நான் பாடவேண்டும். எனக்கும் சுதி சேராது. கடைசியாகப் போகும்போது அந்தப் பேனாவை அவர் சட்டைப்பையிலேயே பாய் வைத்துவிட்டார். நான் தடுக்கவில்லை. மீன் பேனாவும் மற்றதும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றதில் பெங்களூருக்குப் போய்விட்டன. வெள்ளிக்கொடி மட்டும் அரித்த தழும்போடு இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

கோயிலில் ஆரத்தி காட்டும்போது எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். சந்நிதியில் இருக்கிறவளுக்குத் தெரியும் ஏன் என்று. வீட்டில் எண்ணெய் விளக்கோடு சரி. அவள் அதை ஏற்றுக்கொள்கிறாளா இல்லையா என்று கேட்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

வெள்ளிப் பேனாவை ஒருமுறை தேய்த்து வெளுக்கவைத்தேன், பெட்டியில் வைக்கவில்லை. அவர் பாடின இடத்தில், டேனரிப் பின்சுவரைப் பார்த்த ஜன்னல் கட்டையில், திறந்தே வைத்திருக்கிறேன். கறுக்கட்டும் என்றுதான். கறுத்தால் திருநீறு தொட்டு, அவர் பழைய பனியன் துணியால் தேய்க்கலாம், கொஞ்ச நேரம் கைக்கு வேலை இருக்கும். துணியை மடித்து அலமாரியிலேயே தயாராக வைத்திருக்கிறேன்.

அந்த டேனரியை மூடிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டிகள் காய்ந்து புல் முளைத்திருக்கிறது. பஸ்ஸில் வருகிறவர்கள் எங்கள் பக்கம் வரும்போது ஜன்னலை மூடுவதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றிவிட்டுப் போய் அந்தப் பேனாவை எடுத்துப் பார்க்கிறேன். கறுப்பதில்லை. வெள்ளை வெளேரென்று இருக்கிறது.